தொண்டைமான் கட்டிய மெல்போர்ன் பொண்ணு

எங்க ஊர்ப் பக்கம் "தொண்டைமான்"னு சொன்னா யாருக்கும் நல்ல ஞாபகம் வராது. தூத்துக்குடியிலிருந்து பாஞ்சாலங்குறிச்சி ரொம்ப தூரம் இல்லை. கட்டபொம்மன் கதை தெரியாம இங்கே ஒரு பயலும் வளர முடியாது. கோட்டை விழுந்த பிறகு கட்டபொம்மன் வடக்கே போய் புதுக்கோட்டைச் சீமையில் திருக்களம்பூர்க் காட்டில் ஒளிஞ்சிருந்தார், அங்கே விஜயரகுநாதத் தொண்டைமான் பிடிச்சு கும்பினியான் கையில் கொடுத்தார், 1799 அக்டோபர் 16 அன்னைக்கு கயத்தாறில் தூக்கு. எங்க தாத்தா எட்டப்பனைத் திட்டி முடிச்ச மூச்சிலேயே தொண்டைமானையும் திட்டுவார். ரெண்டு பேருக்கும் ஒரே அர்ச்சனைத் தட்டு.

இன்னைக்கு நான் சொல்லப் போறது அந்தத் தொண்டைமான் இல்லை. அவர் வம்சத்தில் நூறு வருஷம் தள்ளி வந்த ஒருத்தர், மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான். அவர் கல்யாணக் கதை. ஆனா கட்டபொம்மன் விஷயத்தை மனசில் ஓரமா வச்சுக்கோங்க, பின்னால் தேவைப்படும்.

புதுக்கோட்டை சமஸ்தானம் எவ்வளவு பெரிசுன்னு முதல்ல பார்த்துடலாம். சுமார் 1,180 சதுர மைல். 1911 கணக்கெடுப்பில் ஜனத்தொகை நாலு லட்சத்துக்குக் கொஞ்சம் மேல். மெட்ராஸ் அரசாங்கத்தின் பார்வையில் இருந்த சமஸ்தானங்கள் அஞ்சுதான்: திருவிதாங்கூர், கொச்சி, புதுக்கோட்டை, பங்கனப்பள்ளி, சந்தூர். தமிழ்ச்சீமைக்கு நடுவில் தனியா நின்றது புதுக்கோட்டை ஒன்னுதான். ராஜாவுக்கு 11 குண்டு மரியாதை. சொந்தமா "அம்மன் காசு"ன்னு குட்டிச் செப்புக்காசு அடிச்சாங்க. நவராத்திரிக்கு ஏழைகளுக்கு அரிசியோட இந்தக் காசையும் கொடுப்பாங்க. நாட்டையே திருக்கோகர்ணத்து பிரகதாம்பாளுக்குச் சொந்தம்னு சொல்லி ராஜா "பிரகதாம்பாதாஸ்"னு பட்டம் வச்சுக்கிட்டார். அதாவது அம்மனுக்கு அடியார். இந்த அடியார்தான் பிற்பாடு கான் நகரத்துக் கடற்கரையில் குடியேறினார்!

மார்த்தாண்ட பைரவர் 1875 நவம்பர் 27ல் பிறந்தவர். நேரடி வாரிசு கிடையாது. ராமச்சந்திரத் தொண்டைமானுக்கு ஆண் வாரிசு நிலைக்காததால் மகள் வயிற்றுப் பேரனைத் தத்து எடுத்தார். 1886ல் தாத்தா இறந்ததும் பத்து வயசுப் பையன் ராஜா ஆனான். ஆட்சி முழுக்க திவான் சேஷையா சாஸ்திரி கையில். இவர் லேசுப்பட்ட ஆள் இல்லை. திருவிதாங்கூரில் திவானா இருந்து வந்தவர். புதுக்கோட்டை ஊரில் இன்னைக்கும் தெருக்கள் ஸ்கேல் வச்சுக் கோடு போட்ட மாதிரி நேரா இருக்கும், குளங்கள் வரிசையா இருக்கும். அந்த நகரத்தைச் சீர்படுத்தினதில் இவர் பங்கு பெரிசு.

பையனுக்குப் பாடம் சொல்ல ஃபீல்டிங் கிராஸ்லின்னு ஒரு வெள்ளைக்கார வாத்தியாரை வச்சாங்க. இது அப்போ எல்லா சமஸ்தானத்திலும் நடந்ததுதான். ராஜா வீட்டுப் பிள்ளைகளை இங்கிலீஷ் ஜென்டில்மேனா வளர்க்கணும். இங்கிலீஷ் பேசணும், விளையாட்டெல்லாம் அவங்க மாதிரி விளையாடணும், முள்கரண்டியில் சாப்பிடணும். 1894ல் பத்தொன்பது வயசில் முழு அதிகாரம் வந்தது. வந்த கொஞ்ச நாளில் ராஜா ஐரோப்பா கிளம்பிட்டார். போனவர் திரும்பி வந்தார், திரும்பவும் போனார். வருஷத்தில் பாதி நாள் அரண்மனையில் ஆள் இருக்காது. 1902ல் பிரதிநிதி சபைன்னு ஒன்னு ஆரம்பிச்சது அவர் காலத்தில்தான், அதைச் சொல்லாம விட்டா பாவம். ஆனாலும் மனசு முழுக்க வெளியூரில்.

இதில் வெள்ளைக்காரன் பண்ணின கூத்தைப் பாருங்க. சின்ன வயசிலிருந்து அவனை மாதிரியே ஒருத்தனை வளர்ப்பான். வளர்ந்த பிறகு, "ஏம்ப்பா ஐரோப்பாவையே சுத்தறே, உன் ஜனங்களைப் பாரு"ம்பான். வைஸ்ராய் கர்சன் 1900ல் ஒரு சுற்றறிக்கையே விட்டார், ராஜாக்கள் அரசாங்கத்தைக் கேட்காம வெளிநாடு போகக்கூடாதுன்னு. கடுப்புக்குக் காரணம் பணம் மட்டும் இல்லை, பொண்ணு. பாட்டியாலா ராஜா ராஜிந்தர் சிங் 1893ல் ஃப்ளோரன்ஸ் பிரையன்னு ஒரு வெள்ளைக்காரியைக் கட்டியிருந்தார். 1908ல் கபுர்தலா ராஜா ஜகத்ஜித் சிங், ஸ்பெயின் நாட்டு நடனக்காரி அனிதா டெல்காடோவைக் கட்டினார். துரைமார் ஏற்கனவே வயித்தெரிச்சலில்தான் இருந்தாங்க.

நம்ம ஆளுக்கு நாற்பது நெருங்குது, கல்யாணம் ஆகலை. நம்ம ஊர்ல முப்பது தாண்டினாலே சொந்தக்காரங்க தூங்க விட மாட்டாங்க. இவர் ராஜா வேற, வாரிசு வேணும். எப்படிச் சமாளிச்சாரோ தெரியலை :-)

1915. உலகப்போர் நடக்குது, ஐரோப்பா பக்கம் சுகமாப் போக முடியாது. ராஜா ஆஸ்திரேலியாவுக்குக் கப்பல் ஏறினார். சிட்னியில் ஹோட்டல் ஆஸ்திரேலியாவில் தங்கியிருந்தப்போ ஒரு பொண்ணைப் பார்த்தார். எஸ்மி மேரி சாரட் ஃபிங்க். வீட்டில் கூப்பிடுவது மாலி. அப்பா வுல்ஃப் ஃபிங்க் மெல்போர்ன் வக்கீல். பொண்ணு அழகி, சமூகப் பத்திரிகைகளில் பேர் அடிபடற குடும்பம். இருபது வயசு, ராஜாவுக்கு முப்பத்தொன்பது. பார்த்தார், விழுந்தார், மெல்போர்னுக்கே போயிட்டார். 1915 ஆகஸ்ட் 10ல் மெல்போர்ன் பதிவாளர் அலுவலகத்தில் கல்யாணம். மேளம் இல்லை, தாலி இல்லை, பிரகதாம்பாளும் இல்லை. கையெழுத்துப் போட்டு முடிஞ்சது.

ஆஸ்திரேலியாவில் அது என்ன காலம் தெரியுமா? 1901லேயே "வெள்ளை ஆஸ்திரேலியா" சட்டம் கொண்டு வந்துட்டாங்க. வெள்ளையில்லாத ஒருத்தன் குடியேற வந்தா, ஏதாவது ஒரு ஐரோப்பிய மொழியில் 50 வார்த்தை டிக்டேஷன் எழுதச் சொல்லலாம். எந்த மொழின்னு அதிகாரி முடிவு பண்ணுவான். அதாவது நீ ஃபெயிலாகத்தான் பரீட்சை. எங்க ஊர் துறைமுகத்தில் இருந்து கொழும்புத் தோட்டத்துக்குக் கூட்டம் கூட்டமாப் போன சனத்தில் ஒருத்தன் சிட்னியில் இறங்கி அங்கேயே குடியிருக்கேன்னு சொல்லியிருந்தா இந்தப் பரீட்சையைத்தான் நீட்டியிருப்பாங்க. ராஜா விருந்தாளி, வைர மோதிரம் போட்ட விருந்தாளி. அவருக்குக் கதவு திறந்திருந்தது, அவர் கட்டினதும் அங்கத்துப் பொண்ணுதான். காசுக்கு நிறம் கிடையாது போல.

(கொசுறு: அந்தக் காலத்தில் ஆஸ்திரேலியாவிலிருந்து வர்ற கப்பலுக்குக் கொழும்பு முக்கியமான நிறுத்தம். 1914 பிப்ரவரி வரைக்கும் கொழும்பிலிருந்து இந்தியா வரணும்னா ராஜபாட்டையே தூத்துக்குடிதான். கப்பலில் இங்கே இறங்கி ரயில் ஏறணும், போட் மெயில். அந்த வருஷம்தான் தனுஷ்கோடி - தலைமன்னார் வழி திறந்து எங்க ஊர் மவுசைக் கெடுத்துட்டான். ராஜா ரெண்டு வருஷம் முன்னாடி காதலிச்சிருக்கலாம். எங்க பீச் ரோட்டிலும் ஒரு வெள்ளைக்கார ராணி வந்து இறங்கின கதை இருந்திருக்கும்.)

1915 கடைசியில் புதுக்கோட்டை வந்து சேர்ந்தாங்க. ஜனங்கள் வரவேற்பு பிரமாதம். ராஜா பொண்ணு கட்டிட்டு வந்திருக்கார், பார்க்கணுமே! மாலி சேலையும் கட்டிப் பார்த்தார். சாதாரண ஜனத்துக்குப் பெரிய ஆட்சேபணை இருந்த மாதிரி தெரியலை. ஆட்சேபணை ரெண்டு இடத்தில். ஒன்னு அரண்மனைக்குள்ளே, சொந்தபந்தம். ஒரு ஆஸ்திரேலியாக்காரி வயித்துப் பிள்ளை நாளைக்குத் தசரா தர்பாரில் உட்காரும்னா யார் ஒத்துக்குவா? இன்னொன்னு துரைமார்.

துரைமார் வெளியே கத்தலை. மாட்டேன்னு மட்டும் சொன்னாங்க. கல்யாணம் செல்லாதுன்னு சொல்ல முடியாது, மெல்போர்னில் அவங்க சட்டப்படியே நடந்தது. அதனால் "அங்கீகரிக்க முடியாது"ன்னு ஒரு வார்த்தை. மாலி "ஹர் ஹைனஸ்" கிடையாது. ராணின்னு அரசாங்கக் காகிதத்தில் வராது. கவர்னர் மாளிகை விருந்துக்கு ராஜாவோட மனைவியா வர முடியாது. எல்லாத்துக்கும் மேல, பிறக்கிற பிள்ளைக்குப் பட்டம் கிடையாது.

அங்கீகாரம்ங்கிற இந்த வார்த்தை எங்க கடற்கரைக்குப் புதுசு இல்லை. பரதவர் சமூகத்தின் ஜாதித்தலைவருக்கு முத்துக்குளிப்பில் தனிச் சலுகைகள் இருந்தது. போர்த்துக்கீசியன் ஒத்துக்கிட்டான், டச்சுக்காரன் ஒத்துக்கிட்டான், இங்கிலீஷ்காரனும் ஒத்துக்கிட்டான். சொந்த ஜனம் தலைவர்னு சொன்னாலும் கடலில் எவன் கொடி பறக்குதோ அவனும் தலையாட்டணும். ராஜாவா இருந்தாலும் அதே கதைதான்னு புதுக்கோட்டைக்கு 1915ல் புரிஞ்சது.

இந்த மாதிரிச் சிக்கல் இந்திய ராஜாக்களுக்கு மட்டும் வந்ததும் இல்லை. ஜெர்மனியில் வுர்ட்டம்பர்க்னு ஒரு நாடு. பதினெட்டாம் நூற்றாண்டில் கார்ல் ஆய்கன்னு ஒரு பிரபு ஆண்டார். ஆடம்பரம்னா அப்படி ஒரு ஆடம்பரம், ஆப்பரா, அரண்மனை மேல அரண்மனை. முதல் மனைவி 1756ல் கோவிச்சுக்கிட்டு அப்பா வீட்டுக்குப் போனவர் திரும்பவே இல்லை. பிரபு அப்புறம் ஃப்ரான்சிஸ்கான்னு இன்னொருத்தர் மனைவி மேல காதலாகி அவரைக் கூட்டி வந்து கூடவே வச்சுக்கிட்டார். 1780ல் முதல் மனைவி இறந்தும் உடனே கட்ட முடியலை. 1785ல்தான் கல்யாணம், அதுவும் ரகசியமா. அவர் கத்தோலிக்கர், அந்தம்மா விவாகரத்தான புராட்டஸ்டன்ட். போப் ஒத்துக்க 1791 ஆச்சு. ஜெர்மன் ராஜகுடும்பங்களில் "இடதுகைக் கல்யாணம்"னே ஒரு ஏற்பாடு இருந்தது. பொண்டாட்டி சட்டப்படி பொண்டாட்டிதான், ஆனா பட்டமும் இல்லை, பிள்ளைக்கு நாடும் இல்லை. மாலிக்கு பிரிட்டிஷ்காரன் செஞ்சது, பேர் வைக்காம இதேதான்.

இந்த ஜெர்மன் பிரபுவை இங்கே இழுக்க இன்னொரு காரணமும் உண்டு. கடன் கழுத்தை நெரிச்சப்போ இந்த மனுஷன் தன் சொந்த நாட்டு ஆட்களைப் பட்டாளமாத் திரட்டி, சுமார் 2,000 பேரை, 1786-87ல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு வித்தார். வாடகைன்னு சொல்லலாம், திரும்பி வந்தவங்க ரொம்பக் கொஞ்சம், அதனால் வித்தார்னே சொல்றேன். தென்னாப்பிரிக்கா, அங்கிருந்து இலங்கை, ஜாவா. அப்போ தூத்துக்குடி அதே டச்சுக் கம்பெனி கையில், கொழும்பிலிருந்துதான் இதை நிர்வாகம் பண்ணினான். அந்த டச்சுக் கம்பெனிக்குச் சுருக்கப் பேர் என்ன தெரியுமா? வி.ஓ.சி! 2011லிருந்து எங்க துறைமுகத்துக்கும் அதே மூணு எழுத்துதான், ஆனா இது எங்க வ.உ.சி. ஆளவந்தவன் கப்பல் கம்பெனிக்கும், அவனுக்கு எதிரா கப்பல் விட்டவருக்கும் ஒரே சுருக்கப் பேர்.

சரி, புதுக்கோட்டைக்கு வருவோம்.

மாலி கர்ப்பமானார். கொஞ்ச நாளில் உடம்பு சரியில்லாமப் போச்சு. அரளி விஷம்னு பேச்சு வந்தது. நம்ம கிராமங்களில் அரளி விதைன்னா என்னன்னு சொல்ல வேண்டியதில்லை, எத்தனை பொம்பளைப் பிள்ளைங்க கதை அதில் முடிஞ்சிருக்கு. இங்கே ஒரு அரண்மனைக்குள்ளே, ஊர் பாஷை தெரியாத ஒரு இருபத்தொரு வயசுப் பொண்ணு வயித்தில் பிள்ளையோட. யார் வச்சாங்கன்னு எவனும் மாட்டலை. இந்தக் கதையைப் படிக்கிற பலர் மாலியைப் பணத்துக்காக ராஜாவைப் பிடிச்சவள்னு சுலபமா முடிச்சுடுவாங்க. எனக்கு அப்படித் தோணலை. பணத்துக்காக வந்தவளா இருந்தா அந்த அரளியோட கணக்கு முடிச்சு அப்பா வீட்டுக்குத் தனியாப் போயிருக்கலாம். கடைசிவரைக்கும் கூடவே இருந்தார்.

ரெண்டு பேரும் ஊட்டி போய், 1916 ஏப்ரலில் திரும்ப ஆஸ்திரேலியா கப்பல் ஏறினாங்க. புதுக்கோட்டையில் குடித்தனம் நடத்தினது சில மாசம்தான். 1916 ஜூலை 22ல் சிட்னியில் ஆண் குழந்தை. பேர் மார்த்தாண்ட சிட்னி தொண்டைமான். பழனியில் வேண்டிப் பிறந்தா பழனின்னு வைக்கிற மாதிரி, சிட்னியில் பிறந்ததால் சிட்னி!

இங்கேதான் எனக்கு ராஜா மேல கோபம் வருது. சிட்னியில் வீடு, குதிரைப் பந்தயம், விருந்து. எல்லாம் யார் காசு? புதுக்கோட்டை வறண்ட பூமி. ஆயிரக்கணக்கான கண்மாய்களை நம்பி வாழ்ற சனம். மழை பொய்த்தா பஞ்சம். அந்த விவசாயி கட்டின தீர்வை சிட்னி ரேஸ்கோர்ஸில் குதிரையா ஓடுச்சு. காதல் பெரிசுதான், அவமானமும் பெரிசுதான், ஒத்துக்கிறேன். ஆனா நாலு லட்சம் பேருக்கு ராஜாவா இருந்துக்கிட்டு, அவங்க எட்டிப் பார்க்க முடியாத தூரத்தில் வருஷக்கணக்கா உட்காருவது என்ன நியாயம்? துரைமார் இதைச் சொல்லிக் குத்தினப்போ அவங்க உள்நோக்கம் வேறயா இருக்கலாம், விஷயம் பொய் இல்லை.

போர் முடிஞ்சதும் லண்டன் போனாங்க. அங்கேயும் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் மாலியை ஏத்துக்கலை. ராஜா மனு மேல மனு போட்டார். நான் வந்து ஆட்சி பண்றேன், என் மனைவிக்கு உரிய மரியாதை கொடு, என் மகனை வாரிசுன்னு சொல்லு. பதில் மாறவே இல்லை. கடைசியில் ஒரு ஏற்பாட்டுக்கு வந்தார். ராஜாங்கிற பேர் இருக்கும், ஆட்சி செய்ய மாட்டார், சமஸ்தானம் அவருக்குப் பணம் கொடுக்கும். 1922ல் அவரோட சகோதரர், அதுவரை திவானா இருந்த ரகுநாதப் பல்லவராயர் ரீஜன்ட் ஆனார்.

இப்போ அந்த கட்டபொம்மன் விஷயத்துக்கு வாங்க. ஆற்காட்டு நவாப் சண்டையிலிருந்து ஹைதர் அலி, பாளையக்காரர் யுத்தம் வரை தொண்டைமான்கள் கும்பினி பக்கம்தான் நின்னாங்க. ஆளும் தானியமும் கொடுத்தாங்க. கட்டபொம்மனையே பிடிச்சுக் கொடுத்தாங்க. அதுக்குக் கும்பினி கொடுத்த வெகுமதிகளில் கீழாநிலைக் கோட்டையும் நிலமும் ஒன்னு. நூத்தைம்பது வருஷத்துக்கு மேல ஒரு தடவை கூட முறைச்சுக்காத வம்சம். அந்த வம்சத்து ராஜா ஒரே ஒரு வரம் கேட்டார், என் பொண்டாட்டியைப் பொண்டாட்டின்னு சொல்லுங்கன்னு. நாடு கேட்கலை, கோட்டை கேட்கலை. அதுவும் யார்? அவங்க இனத்துப் பொண்ணே! எங்க தாத்தாவுக்கு இந்தக் கதை தெரிஞ்சிருந்தா "நல்லா வேணும்ல"ன்னு சிரிச்சிருப்பார். எனக்கு முழுசாச் சிரிப்பு வரலை. 1799ல் ஒருத்தர் செஞ்சதுக்கு 1915ல் அரளி தின்ன பொண்ணு என்ன பண்ணுவா?

கானில் மாளிகை வாங்கிக் குடியேறினாங்க. பிரெஞ்சு ரிவியராவில் அப்போ உலகத்துப் பணக்காரக் கூட்டமே இருந்தது. அங்கே யாரும் மாலியோட அந்தஸ்து பத்தி மெட்ராஸ் கவர்னரைக் கேட்கலை. 1928 மே 28ல் பாரிஸில் ராஜா காலமானார். வயசு 52. உடலைப் புதுக்கோட்டைக்குக் கொண்டு வர அனுமதி கிடைக்கலை. லண்டனுக்குக் கொண்டு போய் கோல்டர்ஸ் கிரீன் தகனசாலையில் எரிச்சாங்க. அம்மனோட அடியாருக்கு வெள்ளாற்றங்கரை கிடைக்கலை.

சிட்னி தொண்டைமானுக்கு அப்போ பன்னிரண்டு வயசு கூட நிறையலை. சொன்ன மாதிரியே அவனைத் தள்ளிட்டாங்க. குடும்பத்தின் இன்னொரு கிளையிலிருந்து ஆறு வயசு ராஜகோபாலத் தொண்டைமானைத் தேர்ந்தெடுத்து 1928 நவம்பரில் பட்டம் கட்டினாங்க. திரும்பவும் சின்னப் பையன், திரும்பவும் அவன் பேரில் நிர்வாகம் பண்ண வேற ஆட்கள். 1886ஐ அப்படியே கார்பன் காப்பி எடுத்த மாதிரி. ராஜகோபாலர் காலத்தில்தான் 1948 மார்ச் 3ல் புதுக்கோட்டை இந்திய யூனியனோட சேர்ந்தது. அவர் இருந்த அரண்மனைதான் இன்னைக்குக் கலெக்டர் ஆபீஸ், பஸ்ஸில் போனாலே தெரியும். அவர் 1997 வரைக்கும் வாழ்ந்தார். கல்யாணமே பண்ணிக்கலை! முன்னவர் கதையைக் கேட்டிருப்பார் போல.

மாலி மறுகல்யாணம் செஞ்சுக்கலை. 1928ல் அவருக்கு வயசு 33தான். ராஜா போன பிறகும் கிட்டத்தட்ட நாற்பது வருஷம். உடை அலங்காரத்துக்குப் பேர் போனவர், பெரிய மனுஷங்க சகவாசம், அப்புறம் உலகப்போர், அப்புறம் தனிமை. 1967 நவம்பரில் கானில் இறந்தார். மகன் சிட்னி 1984ல் இத்தாலியில், ஃப்ளோரன்ஸ் நகரத்தில். புதுக்கோட்டையில் பட்டம் கேட்டு யாரும் வரலை.

மாலியோட அஸ்தியை லண்டன் கோல்டர்ஸ் கிரீனுக்குக் கொண்டு போய் ராஜாவோட அஸ்திக்குப் பக்கத்தில் வச்சாங்க. அங்கே அங்கீகாரம் கேட்டு யாரும் மனுப் போட வேண்டியிருக்கலை.